துடிப்பு விண்மீன் துடிப்பதில்லை



வானியல் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு சொல்லைப் பற்றி இன்று எழுத விழைகிறேன். 'பல்சார்' என்னும் அயற்சொல்லுக்கு நேராக ஆக்கப்பட்ட 'துடிப்பு விண்மீன்' என்பதே அச்சொல். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆயினும், அதனை வகுப்பறையிலிருந்து விலக்கிவிட வேண்டும் என்பது என் கருத்து. வேறு நல்ல சொல் அமையும்வரை 'பல்சார்' என்றே தமிழ் எழுத்தில் எழுதினாலும் குற்றமில்லை என்பேன். தனித்தமிழில் பற்றுடைய நண்பர்கள் முகஞ்சுளிப்பார்கள் என்பதை அறிவேன். நானும் அப்பற்றுடையவன்தான். அதனால்தான் இதை எழுதவேண்டியிருக்கிறது.

பல்சார் துடிப்பதில்லை, சுழல்கிறது. பெருவிண்மீன் ஒன்று வெடித்துச் சிதறிய பின் எஞ்சும் உள்ளகமே நியூட்ரான் விண்மீன். கதிரவனைவிட மிகுந்த நிறை, ஏறத்தாழ 24 கிலோமீட்டர் குறுக்களவுக்குள் ஒடுங்கிக் கிடக்கும். சிங்கப்பூர்த் தீவின் வடக்கு தெற்கு அகலத்துக்குள் அது அடங்கிவிடும். அதன் பொருளில் ஒரு கன சென்டிமீட்டர் எடுத்தால், சராசரியாக 30 கோடி டன்னுக்கும் மேல் நிறையிருக்கும். இந்த உருண்டை தன் காந்த முனைகளிலிருந்து கதிர்க்கற்றையை வீசிக்கொண்டே சுழல்கிறது. கற்றை நம் பக்கம் திரும்பும்போதெல்லாம் நம் வானொலித் தொலைநோக்கியில் ஒரு வெட்டு விழுகிறது. கலங்கரை விளக்கம் மின்னுவது போல் தோன்றுகிறதே, அதே கதைதான். விளக்கு அணைந்து அணைந்து எரிவதில்லை. திரும்பித் திரும்பி வருகிறது.

பள்ளி அறிவியல் மன்றத்தில் ஒருமுறை இவ்விண்மீனைப் பற்றிப் பேசிவிட்டு, மாணவர்களைப் படம் வரையச் சொன்னேன். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி விண்மீனை நெஞ்சாங்குலையின் வடிவில் வரைந்து, அது விரிவதையும் சுருங்குவதையும் அம்புக்குறிகளால் காட்டியிருந்தாள். அவள் மீது குறை சொல்ல என்ன இருக்கிறது? துடிப்பு என்றால் நாடித்துடிப்பு. தரையில் விழுந்த மீனின் துடிப்பு. துன்பம் கண்ட நெஞ்சின் துடிப்பு. அச்சொல்லுக்கு உரிய பொருளை அவள் சரியாகவே வரைந்திருந்தாள். சொல்லை ஆக்கியவர்கள்தாம் பொருளைச் சரியாகப் பார்க்கவில்லை.

"ஆங்கிலத்திலும் அதே பொருள்தானே? அவர்கள் மாற்றவில்லையே" என்று கேட்கலாம். மெய்தான். ஆனால், ஆங்கிலத்தில் அது சுருங்கித் தேய்ந்து ஒரு பெயராகிவிட்டது. தமிழிலோ 'துடிப்பு' என்பது நாள்தோறும் வாயில் புழங்கும் உயிருள்ள சொல். பெயர் தேய்ந்தால் பொருள் மறையும்; சொல் உயிரோடிருந்தால் பொருள் முன்னே வந்து நிற்கும். தமிழில் கலைச்சொல் ஆக்குவதன் சிறப்பே அதுதான். அச்சிறப்பே இங்கு நம்மை வழி தவறச் செய்கிறது.

இதிலொரு வரலாறும் இருக்கிறது. அது எனக்கு மிகவும் பிடித்த வரலாறு. 1967-இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த ஜாசலின் பெல், 1.337 நொடிக்கு ஒருமுறை தவறாமல் வரும் வானொலிக் குறிகளைக் கண்டார். அவருடைய நெறியாளர் ஆண்டனி ஹியூவிஷும் அவரும் மற்றும் சிலரும் எழுதிய அறிக்கை 1968 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. அந்த அறிக்கையில் அவர்கள் முன்வைத்த விளக்கம் என்ன தெரியுமா? வெண்குறு விண்மீனோ நியூட்ரான் விண்மீனோ விரிந்து சுருங்கி அலைவதால் இக்குறி வரக்கூடும் என்பதே. ஆகவே, 'துடிப்பு' என்னும் பெயர் பிறந்தபோது அது வெறும் உவமையாக இருக்கவில்லை. உண்மையாகவே எண்ணப்பட்ட ஒரு கருத்தாக இருந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் அக்கருத்து வீழ்ந்தது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அது எப்படி வீழ்ந்தது என்பதைச் சிறு பிள்ளைகளுக்கும் விளக்கலாம். அதற்கு ஒரு மணியும் ஒரு பம்பரமும் போதும். மணியை அடித்தால் ஒலி மெல்ல மெல்லத் தேயும். ஆனால், சுருதி மாறாது. ஆற்றலை இழக்க இழக்க அலைவின் வீச்சு குறையுமேயன்றி, ஓர் அலைவுக்கு எடுக்கும் நேரம் மாறுவதில்லை. பம்பரம் அப்படியன்று. ஆற்றலை இழக்க இழக்க அதன் சுற்று மந்தமாகிக்கொண்டே போகும். 1968-இன் பிற்பகுதியில் நண்டு வளிமத் திரளுக்குள் ஒரு பல்சார் கண்டறியப்பட்டது. நொடிக்கு 30 முறை குறி வந்தது. அந்த இடைவெளி நாளொன்றுக்கு ஒரு நொடியின் நூறு கோடியில் 36 பங்கு வீதம் நீண்டுகொண்டே போவதும் தெரிந்தது. அது பம்பரத்தின் போக்கு. மேலும், நொடிக்கு 30 முறை அலைவதற்கு வெண்குறு விண்மீனால் இயலாது. அது அவ்வளவு இறுகியதன்று. நியூட்ரான் விண்மீனோ அலைந்தால் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அலையும், 1.3 நொடிக்கு ஒருமுறை என்பது அதற்கு மிகமிக மந்தம். சுழற்சி ஒன்றே எல்லாவற்றுக்கும் பொருந்தியது. சுழலும் நியூட்ரான் விண்மீன் என்னும் விளக்கத்தை தாமஸ் கோல்டு அதே ஆண்டில் முன்வைத்திருந்தார்.

உண்மையிலேயே துடிக்கும் விண்மீன்கள் வானத்தில் உண்டு. செஃபீடு வகை மாறுமீன்கள் நாள்கணக்கில் விரிந்து சுருங்குகின்றன. அவற்றுக்கு முன்மாதிரியான டெல்டா செஃபை 5.4 நாளுக்கு ஒருமுறை அவ்வாறு செய்கிறது. அவற்றையும் தமிழில் துடிக்கும் விண்மீன்கள் என்றே எழுதுகிறோம். துடிப்பவற்றுக்கும் அதே பெயர், துடிக்காதவற்றுக்கும் அதே பெயர். இனி, நியூட்ரான் விண்மீனும் மெய்யாகவே அலையக்கூடியது என்று சொல்ல வரும்போது நம்மிடம் சொல் எங்கே இருக்கிறது? 'துடிப்பு விண்மீனின் துடிப்பு' என்றா எழுதுவது?

ஏனெனில், அந்த அலைவுதான் இன்று வானியலாளர் தேடித் திரியும் பொருள். இதனை விளக்க, நம்மவர் மறக்க இயலாத ஒரு நாளிலிருந்து தொடங்குகிறேன். 2004 டிசம்பர் 26. சுமத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கமும் அதன் பின் எழுந்த ஆழிப்பேரலையும் பினாங்கு, கெடா கரைகளிலும் உயிர்களைக் கொண்டுபோயின. நீர் வடிந்த பிறகும் பூமி அடங்கவில்லை. முழு உருண்டையும் ஒரு மணியைப் போல் அதிர்ந்துகொண்டிருந்தது. பூமி முழுவதும் ஒருசேர விரிந்து சுருங்கும் அலைவு ஒன்று உண்டு. அதற்கு ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். கருவிகள் அதைத் திங்கள்கணக்கில் பதிந்தன. பந்தை இருபுறமும் பிடித்து நசுக்கி விட்டாற்போன்ற இன்னோர் அலைவுக்கு 54 நிமிடம். நம் கால்களுக்குக் கீழே பூமியின் நடு எப்படி இருக்கிறது என்பதை எவரும் தோண்டிப் பார்த்ததில்லை. இத்தகைய அதிர்வுகளைக் கேட்டுத்தான் அறிந்திருக்கிறோம். நியூட்ரான் விண்மீனின் நடுவிலுள்ள பொருள் எத்தகையது, நியூட்ரான்களா, அவையும் நசுங்கிக் குவார்க்குகளாய்க் கரைந்தனவா என்று அறிவதற்கும் இதுவே வழி.

அந்த 54 நிமிட அலைவில் ஒரு நுட்பம் இருக்கிறது. பூமி சுழலாமல் இருந்தால் அது ஒரே சுருதியில் ஒலிக்கும். சுழல்வதால், சுழற்சியின் திசையில் ஓடும் அலைக்கும் எதிர்த்திசையில் ஓடும் அலைக்கும் சுருதி சற்றே வேறுபட்டு, ஒன்று ஐந்தாகப் பிரிகிறது. 1960-ஆம் ஆண்டுச் சிலி நிலநடுக்கத்தின்போது இதனை முதன்முதலாகக் கண்டார்கள். பூமி ஒரு சுற்றுக்கு ஒரு நாள் எடுப்பதால் இந்தப் பிரிவு சிறிது. அதனைச் சிறு திருத்தமாகக் கணக்கில் சேர்த்துவிடலாம்.

மறுநாள், டிசம்பர் 27 அன்று, பல்லாயிரம் ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள காந்த விண்மீன் ஒன்றிலிருந்து மாபெரும் காமாக்கதிர் வீச்சு பூமியை வந்தடைந்தது. எஸ்.ஜி.ஆர். 1806-20 என்பது அதன் பெயர். (இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக அக்காலத்தில் மின்னஞ்சல்கள் சுற்றின. எந்தத் தொடர்பும் இல்லை. அந்த வீச்சு வெகுகாலத்துக்கு முன்பே புறப்பட்டுவிட்ட ஒன்று.) அந்த வீச்சின் தேய்ந்துவரும் வாலில், நொடிக்கு ஏறத்தாழ 92 முறை ஏறி இறங்கும் ஓர் அலைவும் அதனோடு வேறு சிலவும் பதிவாகியிருந்தன. விண்மீனின் மேலோடு பிளந்து அதிர்ந்ததன் தடயம் அது என்பது பலரின் கருத்து. ஆனால், காந்தப்புலத்தின் குறுக்கீட்டால் கணக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. அந்த விண்மீன் ஒரு சுற்றுக்கு ஏழரை நொடி எடுக்கும் சோம்பேறி. நாம் பேச வந்ததோ விரைந்து சுழல்வனவற்றைப் பற்றி.

இன்றுவரை அறியப்பட்ட பல்சார்களில் மிக விரைந்து சுழல்வது, தனுசு மண்டலத்தில் டெர்சான் 5 என்னும் விண்மீன் கொத்தில் இருக்கிறது. 2004-இல் கண்டறியப்பட்டு 2006-இல் அறிவிக்கப்பட்டது. நொடிக்கு 716 சுற்று. அதன் நடுக்கோட்டில் ஒரு புள்ளி ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில் ஓடுகிறது. இத்தகைய விண்மீன் அலைந்தால் நொடிக்கு இரண்டாயிரம் முறை அளவில் அலையும். இரண்டாயிரத்துக்குப் பக்கத்தில் எழுநூறு என்பது சிறு திருத்தமா? பூமிக்குச் செய்த கணக்கு இங்கே செல்லாது.

அதற்கு மேல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் வந்து நிற்கிறது. இவ்வளவு நிறை இவ்வளவு சிறிய இடத்தில் இருந்தால், சுற்றியுள்ள காலவெளியே வளைகிறது. அது சுழன்றால் காலவெளியையும் தன்னோடு இழுத்துச் சுழற்றுகிறது. விண்மீன் அலைந்தால் காலவெளியும் அலைந்து, ஈர்ப்பலைகளாகப் புறப்பட்டுப் போகிறது. மணி ஒலித்தால் காற்று அதிர்கிறது. காற்றைத் தனியே வைத்துவிட்டு மணியை மட்டும் கணக்கிடலாம். இங்கோ மணி எது, காற்று எது என்று பிரிக்க இயலாது. சுழலாத விண்மீனுக்கு இந்தக் கணக்கை கிப் தோர்னும் அல்ஃபான்சோ கம்ப்போலத்தாரோவும் 1967-இலேயே தொடங்கிவிட்டனர். விரைந்து சுழலும் விண்மீனுக்கோ, காலவெளி அலையாமல் உறைந்து கிடப்பதாக வைத்துக்கொண்டுதான் பல்லாண்டுகள் பெரும்பாலான கணக்குகள் நடந்தன. அந்தக் குறுக்குவழியால் அடிப்படை அலைவின் சுருதி முப்பது விழுக்காடு வரைகூடப் பிழைபடலாம். இந்தத் தோராயத்தைக் கைவிட்டு, விரைந்து சுழலும் விண்மீன்களின் அலைவுகளைக் கிறிஸ்டியன் குரூகரும் கோஸ்டாஸ் கொக்கோட்டாஸும் கணக்கிட்டு வெளியிட்டது 2020-இல்தான். தோர்னின் தொடக்கத்திலிருந்து எண்ணினால் ஐம்பத்து மூன்று ஆண்டுகள்.

இப்போது இக்கட்டுரையின் நடு முடிச்சுக்கு வருகிறேன். சுழற்சியும் அலைவும் வேறு வேறு என்று இவ்வளவு நேரம் வாதிட்டேன். அவை இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. வேறு வேறு என்று அறிந்தவனுக்குத்தான் அந்த இடத்தின் வியப்பு விளங்கும்.

பகாங் ஆற்றில் ஒருவர் நீரோட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போடுகிறார் என்று வையுங்கள். ஓட்டம் வலிது. அவர் எதிர்த்துப் போனாலும், கரையில் நிற்பவருக்கு அவர் ஓட்டத்தோடு செல்வதாகவே தெரியும். விரைந்து சுழலும் விண்மீனின் மேல் எதிர்த்திசையில் ஓடும் அலையின் நிலையும் அதுவே. விண்மீனோடு சேர்ந்து சுழல்பவருக்கு அது பின்னோக்கி ஓடுகிறது. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு முன்னோக்கி ஓடுகிறது. ஈர்ப்பலைகள் தொலைவுக்குச் செல்பவை. ஆகவே, அவை முன்னோக்கிய கோண உந்தத்தையே எடுத்துச் செல்கின்றன. ஆனால், அலையின் சொந்தக் கணக்கில் இருப்பதோ பின்னோக்கிய உந்தம்; அதாவது கடன். கடனில் இருப்பவன் கொடை வழங்கினால் என்ன ஆகும்? கடன் பெருகும். இங்கும் அலை தேயாமல் வளர்கிறது. ஒலிக்க ஒலிக்கத் தேய்வது மணி. இதுவோ ஒலிக்க ஒலிக்க ஓங்கும். அதற்கான செலவைச் சுழற்சி கட்டுகிறது.

இதனை 1970-இல் முதன்முதலில் காட்டியவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். ஆம், 1910-இல் இலாகூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னையில் வளர்ந்து, 1983-இல் நோபல் பரிசு பெற்ற அதே சந்திரசேகர். நம் பள்ளி மலர்களிலும் சுவரொட்டிகளிலும் அவர் படம் இருக்கும். கீழே '1.4' என்னும் எண்ணும், இளமையில் கப்பலில் சென்றபோது அதனைக் கணக்கிட்ட கதையும் இருக்கும். அவ்வளவோடு நிறுத்திவிடுகிறோம். அறுபதை நெருங்கும் அகவையில் அவர் செய்த இந்தக் கண்டுபிடிப்பை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1978-இல் ஜான் ஃபிரீட்மனும் பெர்னார்டு சுட்ஸும் இது ஏதோ ஒரு சிறப்பு வடிவத்துக்கு மட்டும் உரியதன்று, சுழலும் விண்மீன் எதற்கும் பொருந்தும் என்று நிறுவினர். மூவர் பெயரையும் இணைத்தே இன்று உலகம் இதனை அழைக்கிறது. எண்பதாம் அகவையிலும் அவர் வலேரியா ஃபெராரியோடு சேர்ந்து விண்மீன் அலைவுகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். பெருமைக்காக ஒருவர் படத்தை மாட்டிவைப்பதற்கும் அவர் செய்ததைப் படிப்பதற்கும் நடுவே உள்ள தொலைவு கொஞ்சநஞ்சமன்று.

இந்த நிலைகுலைவு நடைமுறையில் நிகழுமா என்பது வேறு கேள்வி. விண்மீனின் பாகுத்தன்மை எதிர்நின்று அலையைத் தணிக்கப் பார்க்கும். இங்கு சார்பியலின் பங்கு முகாமையானது. நியூட்டனின் ஈர்ப்புக் கோட்பாட்டின்படி, நீள்வடிவ அலைவு நிலைகுலைய வேண்டுமானால் சுழற்சி ஆற்றல் ஈர்ப்பு ஆற்றலில் 14 விழுக்காட்டை எட்டவேண்டும். 1990-களின் இறுதியில் நிக்கோலாஸ் ஸ்டெர்கியூலாஸ், ஃபிரீட்மன் முதலியோர் சார்பியலின்படி கணக்கிட்டபோது 8 விழுக்காட்டளவிலேயே அது நிகழும் என்று தெரிந்தது. ஐன்ஸ்டைன் கதவை எளிதாகத் திறந்துவிட்டார் என்று சொல்லலாம். 1998-இல் நில்ஸ் ஆண்டர்சன் இன்னொரு வகை அலைவைச் சுட்டினார். நம் கடலிலும் காற்று மண்டலத்திலும் சுழற்சியால் எழும் பேரலைகளின் உறவினர் அது. தணிக்கும் பாகுத்தன்மை இல்லையென்றால், எவ்வளவு மெல்லச் சுழன்றாலும் அது வளரும் என்று கண்டார்.

716-க்கு மேல் ஏன் ஒன்றையும் காணோம் என்ற கேள்விக்கு இதுவே விடையாக இருக்கலாம் என்று சிலர் கருதுகின்றனர். சிதறிப்போகாமல் நொடிக்கு ஆயிரத்துக்கும் மேல் சுழல நியூட்ரான் விண்மீனால் இயலும். அருகிலுள்ள துணை விண்மீனிலிருந்து பொருளைக் கவர்ந்து வேகம் ஏற்றிக்கொள்ளும் வசதியும் பலவற்றுக்கு உண்டு. ஆயினும் ஒரு வரம்பில் நின்றுவிடுகின்றன. வேகம் ஏறும்போது அலை வளர்ந்து, ஈர்ப்பலைகளாக வேகத்தைக் கரைத்துவிடுகிறதா? காந்தப்புலமே தடுத்துவிடுகிறது என்று சொல்வாரும் உளர். எனக்கு முதல் விளக்கமே பிடித்திருக்கிறது; பிடித்திருப்பதால் அது உண்மையாகிவிடாது.

2017 ஆகஸ்டு 17-ஆம் நாள் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றி நெருங்கி மோதியதை லைகோ, விர்கோ கருவிகள் பதிவு செய்தன. 13 கோடி ஒளியாண்டு தொலைவு. நெருங்கி வந்த நொடிகள் தெளிவாகக் கேட்டன. மோதிய பின் உருவாகும் உருண்டை, கருந்துளையாகக் குலையுமுன், மிகக் கடுமையாகச் சுழன்றுகொண்டே நொடிக்கு இரண்டாயிரம் முதல் நாலாயிரம் முறை அலையும் என்று கணக்குகள் கூறுகின்றன. சுழற்சி, அலைவு, சார்பியல் மூன்றும் ஒருங்கே கூடும் அந்தக் கணத்தை மட்டும் எவரும் கேட்கவில்லை. அந்தச் சுருதியில் அக்கருவிகளுக்குக் காது மந்தம். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது அந்த எல்லையில்தான் என்று சொன்னபோது, என் மாணவர்கள் சிரித்தார்கள். ஐரோப்பாவில் ஐன்ஸ்டைன் தொலைநோக்கி, அமெரிக்காவில் காஸ்மிக் எக்ஸ்புளோரர் என இரு பெருங்கருவிகள் திட்டத்தில் இருக்கின்றன. அவை இயங்கத் தொடங்கும்போது இப்பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள். அப்போது வரும் செய்தியில், விண்மீன் முதன்முறையாக அலைந்து கேட்டது என்று இருக்கும். 'துடிப்பு விண்மீன்' என்று கற்ற பிள்ளை, அதுதான் 1967 முதல் துடித்துக்கொண்டிருக்கிறதே, இதில் புதிது என்ன என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு நாம்தான் பொறுப்பு.